நஸீருக்குக் காட்டிய சீனா

சீனாவில் நாங்கள் கண்ட முதல் வேடிக்கை நாங்களேதான்.

விமான நிலையத்திலிருந்து எங்களை ஏற்றிப் போன பஸ், பெருந்தெருவில் வரிசையாக நின்ற சில கூண்டுகளுக்கு முன்னால் வேகம் குறைந்து நின்றது. கூண்டுக்குள் சீருடை போட்ட ஒரு பெண். முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பம். நானும் நஸீரும் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழும்பி, பையைத் தோளில் மாட்டி, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, சாரதியிடம் கதவைத் திறக்கச் சைகை காட்டி இறங்கிவிட்டோம். இறங்கி வரிசையில் நின்றோம். இரண்டே பேர் உள்ள வரிசை. பஸ்ஸில் இருந்த சனம் முழுவதும் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது. கூண்டுப் பெண் என் அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் திருப்பித் தந்தாள்.

அது எங்கள் ஊர்ச் சோதனைச் சாவடி அல்ல, தெருவைப் பாவிப்பதற்குக் கட்டணம் வாங்கும் இடம். ஏறி உட்கார்ந்த பிறகு நஸீர் மெதுவாகச் சொன்னான்: “வேற ஒருத்தரும் இறங்கல்ல மச்சான், அப்பவே யோசிச்சிருக்கலாம்.” அடுத்த கூண்டு வரும்வரை இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த கூண்டு வந்தபோது எனக்குத் திரும்பவும் கால் எழும்பியது. கையால் தொடையை அமர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக உள்ள ஓர் ஐஸ் பக்டரியில் எங்களுக்கு வேலை. மீன்பிடி வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி போடுகிற இடம். நான் மெசின் பார்ப்பவன், நஸீர் மின்சார வேலை பார்ப்பவன். எனக்கு வீடு நகரத்துக்குள்ளேயே. அவனுக்குக் குடாவின் அக்கரையில், மூதூரில். காலை லோஞ்சில் வந்து பின்னேர லோஞ்சில் போவான். எங்கள் பழைய கம்பிரசர் இழுத்துக்கொண்டு கிடந்ததால் முதலாளி சீனாவில் புதிது ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, அதைப் பூட்டவும் கழற்றவும் பழகி வரும்படி எங்களை மூன்று கிழமைக்கு அனுப்பினார். சண்டை திரும்பவும் மூளப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த காலம். சுற்றிவளைப்பு, கிளைமோர் கண்ணிவெடி, பின்னேரம் நாலு மணிக்கே கடைகள் பூட்டு. மூன்று கிழமையாவது நிம்மதியாக நித்திரை கொள்ளலாம் என்று நினைத்துத்தான் நான் பையை அடுக்கினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

நஸீர் அப்படி வரவில்லை. அவனுக்கு வாப்பா இல்லை, கலியாணமும் ஆகவில்லை. வீட்டில் உம்மாவும், அவனுடைய நானாவின், அதாவது அண்ணனின், குடும்பமும். உம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. “உம்மாட காலப் பாத்துக்கொள்ளுங்க” என்று நானாவிடம் லோஞ்ச் புறப்படும்வரை சொல்லிக்கொண்டிருந்தானாம்.

முதல் மூன்று நாளும் நல்லாகத்தான் போயின. விடுதிக்கு எதிரே ஒரு பூங்கா. காலையில் அங்கே வயதானவர்கள் பின்பக்கமாக நடப்பார்கள். திரும்பிப் பார்ப்பதும் இல்லை, முட்டுவதும் இல்லை. சிலர் மரத்தில் முதுகை மோதுவார்கள், ஒரு கணக்காக, சலிக்காமல். ஒருவர் குருவிக் கூண்டைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்து மரக்கிளையில் கொழுவிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நின்று தானும் காற்று வாங்குவார். ஆண்கள் வெயிலுக்குச் சேட்டை நெஞ்சுவரை சுருட்டிவிட்டு வயிற்றைத் திறந்துகொண்டு தெருவில் போவார்கள். பெண்கள் இரவுச் சட்டையோடு சந்தைக்கு வருவார்கள். எல்லார் கையிலும் ஒரு கண்ணாடிப் போத்தல், அதற்குள் தேயிலை மிதக்கும் கொதி தண்ணீர். குளிர்ந்த தண்ணீர் கேட்டால் நோயாளியைப் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்தார்கள். ஐஸ் மெசின் செய்யும் ஊரில் ஐஸ் தண்ணீர் குடிக்க ஆளில்லை.

நாங்கள் பார்த்ததைவிட அவர்கள் எங்களைப் பார்த்தது கூட. ஒரு தாய் தன் பிள்ளையை என் மடியில் வைத்துப் படம் எடுத்தாள். நஸீரின் தாடியை ஒரு கிழவர் கேட்காமலே தடவிப் பார்த்துவிட்டுப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். எங்களுக்கு மொழிபெயர்க்க பக்டரி தந்த பெண்ணின் பெயர் லின். ஆங்கிலம் பேசுவாள். “அவர் உங்களை ஒரு பழைய தளபதி போல இருக்கிறீர்கள் என்கிறார்” என்று அவள் விளக்கினாள். ஊரில் தாடியைப் பார்த்துவிட்டு யாரும் அப்படிச் சொன்னதில்லை, வேறு கேள்விகள்தான் கேட்பார்கள் என்றான் நஸீர். அதை லின்னுக்கு ஆங்கிலத்தில் சொல்ல நான் முயலவில்லை.

நாலாம் நாள் காலை தெருமுனையில் யாரோ கடை திறந்தார்கள். அதற்கு ஒரு முழு நீளச் சீனவெடியைக் கொளுத்திவிட்டார்கள். முதல் வெடிக்கே நஸீரும் நானும் நடைபாதையில் குப்புறப் படுத்துவிட்டோம். நான் ஒரு சைக்கிளுக்குப் பின்னால், அவன் ஒரு பூச்சாடிக்குப் பின்னால். வெடி ஓய்ந்து தலையைத் தூக்கியபோது மரக்கறிக் கூடையோடு ஒரு கிழவி குனிந்து நின்று என் முகத்துக்கு நேரே கையால் விசிறிக்கொண்டிருந்தாள், வலிப்பு என்று நினைத்திருக்க வேண்டும். கடைக்காரன் ஓடி வந்து எங்கள் சேட்டைத் தட்டிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு தோடம்பழம் தந்தான். நாங்களும் சிரித்தோம். ஆனால் அறைக்குள் வந்தபிறகு நஸீர் தன் தோடம்பழத்தை உரிக்காமலே மேசையில் வைத்துவிட்டான்.

அன்றைக்கே பின்னேரம் முதலாளி எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். மூதூரில் சண்டை தொடங்கிவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு நாள் ஒரு செய்தியும் இல்லை. மூதூர் வீட்டு இலக்கத்தைச் சுற்றினால் ஒரு சத்தமும் வராது. முதலாளிக்கு எடுத்தால் லோஞ்ச் ஓடவில்லை, சனம் பள்ளிவாசல்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கிடக்குது, செல் குண்டு விழுகுது, அதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்பார். சம்பூர்ப் பக்கத்துச் சனமும் எழும்பி ஓடுகிறது என்றார். விடுதித் தொலைக்காட்சியில் நாற்பது அலைவரிசை, எல்லாம் சீன மொழி. எங்கள் ஊர் வருமா என்று நஸீர் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இருப்பான். சமையல் காட்டினார்கள், வெள்ளம் காட்டினார்கள், குதிரையில் ஏறிச் சண்டை பிடிக்கும் நாடகம் காட்டினார்கள். எங்களுடைய சண்டை உலகத்தில் நடக்கவே இல்லை.

அவன் சாப்பாட்டை விட்டான். பன்றி கலக்காத சாப்பாடு கிடைக்காமல் ஏற்கெனவே முட்டையும் சோறுமாகத்தான் ஓடியது. அப்போதுதான் ஒரு கண்டுபிடிப்பு. பக்டரிக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை, பச்சைப் பலகை, அதில் அரபு எழுத்து. நஸீர் நடுத்தெருவில் நின்றுவிட்டான். உள்ளே வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் மாவைக் கயிறு போல இழுத்து, மடித்து, மேசையில் அடித்து, திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார். நஸீர் சலாம் சொன்னான். அவர் மாவைக் கீழே போட்டுவிட்டு, மாக் கையோடே இவனைக் கட்டிப் பிடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. இவனுக்குச் சீனம் தெரியாது. சலாமுக்குப் பிறகு பேச ஒரு சொல்லும் இல்லாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய பெயர் மா என்று லின் சொன்னாள். அன்று நஸீர் அரைக் கோப்பை நூடில்ஸ் சாப்பிட்டான். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஒரு பாய் விரித்து, எந்தப் பக்கம் பார்த்துத் தொழுவது என்று மா கையைக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் ஓய்வு நாள். விடுதிக்குக் கீழே தெருவோரம் ஒரு முடிவெட்டுகிறவர் மரத்தில் கண்ணாடியைக் கொழுவி, ஒரு கதிரையைப் போட்டு வைத்திருப்பார். பிடித்துத் தள்ளாத குறையாக நஸீரை அங்கே அனுப்பினேன். மேலே மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நஸீர் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு இருந்தான். வெளிநாட்டான் தலை வெட்டுவதைப் பார்க்க ஐந்தாறு கிழவர்கள் கூடி, வெட்டுகிறவருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கத்தரிக்கோலையே வாங்கப் பார்த்தார். அந்த நேரம் அறைத் தொலைபேசி அடித்தது. மறுபக்கத்தில் நஸீருடைய நானா.

“தம்பி சிவம், நஸீர் பக்கத்தில இரிக்கானா?”

இல்லை, கீழே தலைமயிர் வெட்டுகிறான் என்றேன்.

“உம்மா மவுத்தாப் போயிட்டா தம்பி. இண்டைக்குச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கந்தளாயில அடக்கிட்டம்.”

மூதூரை விட்டுச் சனம் நடந்தே வெளியேறியதாம். உம்மாவை நானா பாதித் தூரம் முதுகில் சுமந்தாராம், மீதித் தூரம் யாருடையதோ ட்ரக்டர். கந்தளாய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அகதியாக இருந்தார்கள். காலில் இருந்த புண் பழுத்துவிட்டது. ஆசுபத்திரிக்குக் கொண்டு போகும்போதே அவ கண்ணை மூடிவிட்டா. இதையெல்லாம் அவர் தொலைபேசிக் கடை ஒன்றில் நின்று, பின்னால் வரிசை நிற்க, வேகமாகச் சொல்லி முடித்தார். முடித்துவிட்டுத்தான் அதைக் கேட்டார்.

“அவனுக்குச் சொல்லிராதீங்க. அந்த அந்நியத் தேசத்தில தனிய நிண்டு அழப்படாது. வந்து எங்கட தோளில விழுந்து அழட்டும். உம்மா கந்தளாய்க்கு வந்திட்டா, கொஞ்சம் சுகமில்ல எண்டு மட்டும் சொல்லுங்க. வாக்குத் தாங்க தம்பி.”

எங்கள் பக்கத்தில் சாவைத் தொலைபேசியில் சொல்வதில்லை. தமிழரும் சொல்வதில்லை, முஸ்லிம்களும் சொல்வதில்லை. ‘கொஞ்சம் கடுமை, ஒருக்கா வந்திட்டுப் போ’ என்பார்கள். வந்து இறங்கி, வாசலில் கூட்டத்தைக் கண்டு தானாக விளங்கிக்கொள்ள வேண்டும். என் அப்பா போனபோது கொழும்பில் இருந்த எனக்கும் அப்படித்தான் செய்தார்கள், அது அன்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நேரே சொல்கிறவன் கல் நெஞ்சன். நான் நானாவுக்கு வாக்குக் கொடுத்தேன். கீழே கிழவர்கள் கைதட்டினார்கள். தலை வெட்டி முடிந்துவிட்டது.

நஸீர் ஒரு பக்கம் குட்டையாகவும் ஒரு பக்கம் நெட்டையாகவும் வெட்டப்பட்ட தலையோடு மேலே வந்தான். நான் சொன்னேன். நானா எடுத்தவர், உம்மா கந்தளாய்க்கு வந்துவிட்டா, கொஞ்சம் சுகமில்லையாம். நான் சொல்லி முடிக்குமுன் அவன் தரையில் விழுந்து நெற்றியை நிலத்தில் வைத்தான். நெடுநேரம் எழும்பவில்லை. எழும்பியபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

“உம்மா வெளியில வந்திட்டா மச்சான்” என்றான். “நான் மனதுக்குள்ள அவவ அடக்கியே போட்டன். பாத்தியா என்ட புத்திய.”

அன்று பகல் மா கடையில் அவன் இரண்டு கோப்பை சாப்பிட்டான்.

நான் மறைக்கப்போவது ஒரு துயரத்தை என்றுதான் நினைத்திருந்தேன். அவனுக்குப் பெரிய சந்தோசம் ஒன்றைக் கொடுக்கப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாள் பட்டினியாகக் கிடந்தவன் அந்தப் பொய்யைச் சாப்பிட்டு உயிர் பெற்றுவிட்டான். முதலாளிக்கு இரகசியமாக எடுத்துச் சீக்கிரம் திரும்ப வழி இருக்கிறதா என்று கேட்டேன். மெசினை ஓட்டிப் பார்க்காமல் வரவேண்டாம், நானாவே மறைக்கச் சொல்லியிருக்கிறார்தானே, வந்தாலும் போய் இருக்க அவனுக்கு வீடு எங்கே என்றார். அவர் சொன்னதிலும் பிழையில்லை. ஆக, இன்னும் ஒன்பது நாள்.

இனி நான் சொல்லப்போகும் சீனா, நான் நஸீருக்குக் காட்டிய சீனா. அவனை யோசிக்க விடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் ஒரு வேடிக்கையைத் தேடினேன். தளபாடக் கடைக்குக் கூட்டிப் போனேன். அங்கே விற்பனைக்கு வைத்த கட்டில்களில் சனம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குடும்பத்தோடு நித்திரை, மேலே குளிர்காற்று. ஒரு கட்டிலில் புருசன் குறட்டை விட, மனைவி பக்கத்தில் இருந்து வத்தகைப்பழ விதை கொறித்துக்கொண்டிருந்தாள். விற்பனைப் பெண் அவர்களை எழுப்பாமல் நுனிக்காலில் நடந்தாள். சந்தையில் தொட்டிக்குள் ஆமையும் தவளையும் உயிரோடு இருப்பதைக் காட்டினேன். பின்பக்கம் கிழிசல் விட்டுத் தைத்த காற்சட்டையோடு குழந்தைகள் தெருவில் குந்துவதைக் காட்டினேன். மழை வந்தால் மின்சாரச் சைக்கிளில் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே மழை அங்கிக்குள் புகுந்து, முன்னால் மூன்று தலை மட்டும் நீட்டிக்கொண்டு போவார்கள். “ஊருக்குப் போய் உம்மாக்குச் சொல்லிக்காட்ட வேணும்” என்பான் ஒவ்வொன்றுக்கும். பிறகு தன்னால் மறந்துவிடும் என்று ஒரு தாளில் எழுதிவைக்கத் தொடங்கினான்.

அந்த அழைப்புக்குப் பிறகு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நானா திரும்ப எடுத்து அவனோடு நேரடியாகப் பேசினார். உம்மா நித்திரை என்றாராம். “நானாட குரல் அடைச்சுக் கிடக்கு. பள்ளிக்கூடத்தில சரியான தூசியாம்” என்றான் நஸீர். நான் ஓம், தூசி இருக்கும்தான் என்றேன்.

அடுத்த நாள் அவன் துணிச் சப்பாத்து வாங்க வேண்டும் என்றான். அந்த ஊர்ப் பெண்கள் கையால் தைத்து விற்கும் மெத்தென்ற சப்பாத்து. புண் உள்ள காலுக்கு நல்லது என்று அவனே முடிவு செய்திருந்தான். அளவு தெரியாது. கையை விரித்து, பெருவிரல் நுனியிலிருந்து நடுவிரலுக்கு அப்பால் இன்னும் இரண்டு விரற்கிடை என்று காட்டினான். சின்ன வயதிலிருந்து அந்தக் காலைப் பிடித்துவிட்டவனுக்குக் கையிலேயே அளவு இருந்தது. கறுப்பா நீலமா என்று என்னைக் கேட்டான். நீலம் என்றேன். என் வாயால்தான் சொன்னேன். தைத்த கிழவி அவனுடைய கன்னத்தைத் தட்டி ஏதோ சொன்னாள். தாய்க்கு வாங்குகிற பிள்ளை, அதனால் விலையைக் குறைக்கிறாளாம் என்றாள் லின்.

லின்னுக்கு உண்மையைச் சொன்னேன். யாரிடமாவது சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவள் திகைத்து நிற்பாள் என்று நினைத்தேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, எங்களிடமும் அப்படித்தான், பாட்டன் செத்து மூன்று மாதம் கழித்துத்தான் பரீட்சை முடிந்து எனக்குச் சொன்னார்கள் என்றாள். அது நல்லதாகப் பட்டதா என்று கேட்டேன். அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். “பரீட்சையில் நல்ல புள்ளி வந்தது” என்றாள்.

உம்மா போய் ஏழாம் நாள் பின்னேரம் பூங்காவுக்குப் பக்கத்துத் திடலில் பெண்கள் ஒலிபெருக்கி வைத்து வரிசையாக ஆடினார்கள். அது அங்கே தினமும் நடக்கிற காரியம், உடற்பயிற்சி மாதிரி. நாற்பது ஐம்பது மாமிமார், ஒரே அசைவு. அவர்களில் ஒருத்தி நஸீரைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் முதலில் வெட்கப்பட்டான். பிறகு கடைசி வரிசையில் நின்று, அவர்கள் வலது கையைத் தூக்கும்போது இடது கையைத் தூக்கி, அவர்கள் திரும்பிய பிறகு திரும்பி, ஆடினான். திடல் முழுவதும் சிரித்தது. என்னைப் பார்த்துக் கூப்பிட்டான். அந்த நேரம் கந்தளாயில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவனுடைய உம்மாவின் ஆன்மாவுக்காக ஏழாம் கத்தம் ஓதிக்கொண்டிருப்பார்கள் என்று அங்கே இருந்த அத்தனை பேரிலும் எனக்கு மட்டுமே தெரியும். நான் கையை அசைத்துச் சிரித்தேன். என் வாழ்க்கையில் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால் அந்தச் சிரிப்பைத்தான் சொல்வேன்.

மறுநாள் மா கடையில் நஸீர் மாவிடம் ஏதோ சொல்ல முயன்றான். முதலில் தன் நெஞ்சைத் தொட்டான். பிறகு முக்காடு போடுவது போலத் தலையைச் சுற்றிக் காட்டினான். பிறகு காலைத் தொட்டு, முகத்தைச் சுளித்தான். கடைசியில் இரண்டு கையையும் ஏந்தினான். மா ஒரு கணம் பார்த்தார், விளங்கிவிட்டது. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் கையை ஏந்தினார். மாவுடைய மனைவியும் திரைக்குப் பின்னாலிருந்து வந்து நின்று கையை ஏந்தினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவரும் குச்சிகளை வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். அவர்களுக்கும் நஸீருக்கும் பொதுவாக இருந்த அரபுச் சொற்களால் நாலு பேரும் அந்த மனுசியின் உடம்பு சுகத்துக்காகக் கேட்டார்கள். மா நெடுநேரம் கேட்டார். நான் நூடில்ஸ் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன், ஆவி பறந்து முடிந்து மேலே எண்ணெய் உறைந்தது.

அன்று பின்னேரம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். மெசின் ஓட்டம் முடிந்திருந்தது. முதல் ஐஸ் கட்டி கண்ணாடி போல வந்தது, பக்டரிக்காரர்கள் கைதட்டினார்கள். பூங்கா வாங்கில் அவனை உட்கார வைத்தேன். முன்னால் ஒரு வயதானவர் பெரிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து நிலத்தில் எழுதிக்கொண்டு போனார். நான் “நஸீர்” என்றேன். அவன் என் பக்கம் திரும்பி, தான் ஒரு முடிவு எடுத்திருப்பதாகச் சொன்னான். உம்மா இரண்டு வருடமாகக் கலியாணத்துக்குக் கேட்கிறா, இவன் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தவன். போன உடனே உம்மாவின் கையைப் பிடித்து, நீங்கள் பார்த்த பெண்ணையே கட்டுகிறேன் என்று சொல்லப்போகிறானாம். பசிக்குது, போவோமா என்று கேட்டேன்.

கட்டுநாயக்காவில் நாங்கள் இறங்கியபோது பக்டரி வான் நின்றது. நானா வந்திருக்கவில்லை. றைவருக்கு விசயம் தெரியும், முகத்தை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. கந்தளாய்வரை நஸீர் முன் கதிரையில் இருந்து அவருக்குச் சீனா சொன்னான். பின்பக்கமாக நடக்கிறவர்களைச் சொன்னான், கட்டில் கடையைச் சொன்னான். றைவர் சிரிக்க வேண்டிய இடத்தில் பேசாமலும் பேசாமல் இருக்க வேண்டிய இடத்தில் சிரித்தும் ஒரு மாதிரி ஓட்டினார். ஹபறணை தாண்டியபிறகு நஸீரும் கதையை நிறுத்திவிட்டான்.

பள்ளிக்கூட வாசலில் நானா நின்றார். இரண்டு பக்கமும் தறப்பாள் கொட்டில்கள், அடுப்புப் புகை, தண்ணீர் வண்டியைச் சுற்றி வாளிகளோடு சனம். நஸீர் இறங்கினான். நானா கையை மட்டும் விரித்தார். எங்கள் வழக்கப்படி அதுதான் செய்தி. அவர் நினைத்தபடியே தம்பி அவருடைய தோளில் விழுவான் என்று நானும் காத்திருந்தேன். நஸீர் விழவில்லை. நின்ற இடத்தில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எப்ப?”

நானா நாளைச் சொன்னார். நஸீர் விரலை மடித்து எண்ணினான். ஒரு கை முடிந்து மறு கையில் நாலு விரல்.

அடக்கம் செய்யும் மையவாடி பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட. நான் மதிலுக்கு வெளியே நின்றேன். உள்ளே புதிதாக மண் குவித்த கப்றுகள் பல இருந்தன. அவன் ஒன்றின் தலைமாட்டில் மீஸான் கட்டையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். ஓதினானா அழுதானா என்று முதுகைப் பார்த்துத் தெரியவில்லை. வெளியே வந்தபோது கண் காய்ந்து இருந்தது. நானாவை விட்டுவிட்டு நேரே என்னிடம் வந்தான்.

“உனக்குத் தெரியும்” என்றான்.

ஓம் என்றேன்.

“ஒன்பது நாள், ஐந்து வக்துத் தொழுகையிலயும், உம்மாட உசிரத்தான் கேட்டனான். மண்ணுக்குள்ள கிடக்கிற ஆளுக்கு உசிரு. மவுத்தானவக்குப் பிள்ளை கேக்கவேண்டிய ஒரு துஆ இரிக்கு மச்சான். தூரத்தில இருந்தாலும் ஜனாஸா தொழலாம், அது உனக்குத் தெரியாது, நானாக்குத் தெரியும். ஒண்டும் உம்மாக்குப் போய்ச் சேரல்ல. நான் சிரிச்சுக்கொண்டு இருந்தனான்.”

நானா பின்னால் நின்று, உன்னுடைய நல்லதுக்குத்தான் என்று தொடங்கினார். நஸீர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினான், கோபமாக அல்ல. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் என் சேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

“இனி எங்கட ஆக்கள் ஆர் செத்தாலும் அண்டைக்கே சொல்லு. நான் எங்க நிண்டாலும் சொல்லு. எனக்குப் பாவம் பாக்காத.”

ஓம் என்றேன். சண்டை முடிவதற்குள் அந்த ஓமை நான் இரண்டு தரம் நிறைவேற்ற வேண்டி வந்தது. முதல் தரம் செத்தது நானா. இரண்டு தரமும் தொலைபேசியில், எப்படி இருக்கிறாய் என்று கேட்காமல், முதல் வசனத்திலேயே சொன்னேன்.